3215031751: பகா எண்ணாக வேடமிட்ட ஒரு பகு எண்

3215031751. வாசித்தால் முன்னூற்று இருபத்தொரு கோடியே ஐம்பது லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்று. பத்து இலக்கம், ஒற்றைப்படை, இலக்கங்களின் கூடுதல் 28. பார்வைக்கு விசேஷமாக எதுவும் இல்லை. ஆனால் பகா எண் சோதனைக்கு நிரல் எழுதியவர்களில் பலருக்கு இந்த எண் நன்றாகத் தெரியும். சில நிரல்களில் இதற்கென்றே ஒரு வரி இருக்கும்: எண் 3215031751 ஆக இருந்தால், வேறெதையும் பார்க்காமல் பகு எண் என்று சொல்லிவிடு.

அப்படி ஒரு வரி ஏன் தேவைப்பட்டது என்பதுதான் இந்தப் பதிவு. அதற்கு இந்த எண்ணை முழுசாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எளிய வகுபடும் சோதனைகள். கடைசி இலக்கம் 1, எனவே 2, 5 இல்லை. இலக்கக் கூடுதல் 28, எனவே 3 இல்லை. 7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் பார்க்கலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் 751 − 031 + 215 − 3 = 932. இதை 7, 11, 13 ஆல் வகுத்தால் மீதி 1, 8, 9. எதுவும் வகுக்கவில்லை. இப்படியே 17, 19, 23 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், 36-ஆவது பகா எண்ணான 151-இல் எண் உடைகிறது:

3215031751 = 151 × 751 × 28351

மூன்றும் பகா எண்கள். 28351-க்குச் சரிபார்ப்பு வேண்டுமென்றால் 167 வரை வகுத்துப் பார்த்தால் போதும், அதன் வர்க்கமூலம் 168-ஐச் சற்றுத்தான் தாண்டுகிறது.

காரணிகள் கையில் கிடைத்த பிறகு வகைப்படுத்துவது பள்ளிக்கூடக் கணக்குதான். வகுத்திகள் எட்டு: 1, 151, 751, 28351, 113401, 4281001, 21291601, பிறகு எண்ணே. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 25715257. இது எண்ணில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆகவே இது குறைவு எண், அதுவும் படுமோசமான குறைவு. எந்தப் பகா காரணியும் இரண்டு முறை வராததால் வர்க்கக் காரணி அற்றது. மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கம் என்பதால் ஸ்பீனிக் எண் என்ற வகையிலும், மோபியஸ் சார்பின் (வர்க்கக் காரணி அற்ற எண்ணின் பகா காரணிகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று காட்டும் சார்பு) மதிப்பு −1 என்ற வகையிலும் வரும். இதோடு பொதுக்காரணி இல்லாத சிறிய எண்களின் எண்ணிக்கை, அதாவது ஆய்லர் சார்பின் மதிப்பு, 150 × 750 × 28350 = 3189375000.

வர்க்கங்களாகப் பிரிப்பதில் இந்த எண் ரொம்பப் பிடிவாதம். மூன்று காரணிகளையும் 4-ஆல் வகுத்தால் மீதி 3, எனவே இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது. எண்ணையே 8-ஆல் வகுத்தால் மீதி 7, எனவே லெஜாந்தரின் தேற்றப்படி மூன்று வர்க்கங்களின் கூடுதலாகவும் எழுத முடியாது. நான்கு வர்க்கங்கள் வேண்டும்.

இவையெல்லாம் எந்த எண்ணுக்கும் போடக்கூடிய பட்டியல்தான். இந்த எண்ணின் குணம் தெரிய வேண்டுமென்றால் காரணிகளைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு காரணியிலிருந்தும் ஒன்றைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

150 = 2 × 3 × 5²
750 = 2 × 3 × 5³
28350 = 2 × 3⁴ × 5² × 7

வேறொரு விதமாகச் சொன்னால் 150 × 1, 150 × 5, 150 × 189. மூன்றும் 150-இன் மடங்குகள். எண்ணிலிருந்தே ஒன்றைக் கழித்தால் 3215031750 = 2 × 3⁴ × 5³ × 7 × 37 × 613. இப்போது மேலே உள்ள மூன்று வரிகளோடு ஒப்பிடுங்கள். 150, 750, 28350 மூன்றும் 3215031750-ஐ மீதியின்றி வகுக்கின்றன. ஈவு முறையே 21433545, 4286709, 113405. மூன்று ஈவுகளும் ஒற்றைப்படை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வர்க்கக் காரணி இல்லாத ஒரு பகு எண்ணுக்கு, அதன் ஒவ்வொரு பகா காரணியிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் வருவது, எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதை வகுக்குமானால், அது கார்மைக்கேல் எண். இந்த நிபந்தனையை 1899-இல் கார்செல்ட் எழுதினார், ஆனால் அவர் எடுத்துக்காட்டு எதுவும் தரவில்லை. 561 = 3 × 11 × 17 போன்ற எண்களை 1910-இல் எடுத்துக்காட்டியவர் கார்மைக்கேல்.

கார்மைக்கேல் எண்ணால் என்ன தொல்லை? ஃபெர்மாவின் சிறிய தேற்றம் சொல்வது: ப ஒரு பகா எண் என்றால், ப-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் ப − 1 என்ற அடுக்குக்கு உயர்த்தி ப-ஆல் வகுத்தால் மீதி 1. இதைத் திருப்பிப் போட்டு, மீதி 1 வந்தால் பகா எண் என்று முடிவு கட்டினால் அதுதான் ஃபெர்மா சோதனை. கார்மைக்கேல் எண், தன்னோடு பொதுக்காரணி இல்லாத எல்லா அடிமானங்களுக்கும் (அடுக்குக்கு உயர்த்தப்படும் எண்களுக்கும்) இந்தச் சோதனையில் தேறிவிடும். நம் எண்ணுக்கு நிலைமை அதைவிட மோசம். 150, 750, 28350 மூன்றின் மீச்சிறு பொது மடங்கு 141750 மட்டுமே. ஆகவே 141750 என்ற அடுக்கிலேயே எல்லா மீதிகளும் 1-க்கு வந்துவிடுகின்றன. 3215031750 என்பது அதன் 22681 மடங்கு. ஃபெர்மா சோதனையை எத்தனை அடிமானம் மாற்றிப் போட்டாலும் பிடிபடாது, தற்செயலாக 151, 751, 28351 இவற்றின் மடங்கை அடிமானமாக எடுத்தால் தவிர.

கார்மைக்கேல் எண்களைப் பிடிக்கத்தான் மில்லர்–ராபின் சோதனை இருக்கிறது. பகா எண்ணை வைத்து மீதி எடுக்கும்போது 1-க்கு இரண்டே வர்க்கமூலங்கள்: 1, மற்றும் −1 (அதாவது எண்ணைவிட ஒன்று குறைவு). எனவே அடுக்கை முழுசாக ஏற்றாமல் பாதியில் நிறுத்திப் பார்க்கிறோம். 3215031750-ஐ ஒருமுறைதான் 2-ஆல் வகுக்க முடியும்: பாதி அடுக்கு 1607515875, ஒற்றைப்படை. ஆகவே இங்கே சோதனை ஒரே கேள்விதான். அடிமானத்தை 1607515875-ஆம் அடுக்குக்கு உயர்த்தி, 3215031751-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 3215031750 வருகிறதா? வந்தால் தேர்ச்சி. வராவிட்டால் அது உறுதியாகப் பகு எண்.

நம் எண்ணுக்கு விடைகள்: அடிமானம் 2 என்றால் மீதி 1. 3 என்றால் 3215031750. 5 என்றால் 1. 7 என்றால் 3215031750. நான்கு சோதனையிலும் தேர்ச்சி. 1980-இல் பொமரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் மூவரும் 2500 கோடி வரையிலான போலிப் பகா எண்களை (இத்தகைய சோதனையில் தேறிவிடும் பகு எண்களை) அலசி வெளியிட்டார்கள். அந்த எல்லைக்குள் 2, 3, 5 மூன்றையும் ஏமாற்றும் பகு எண்கள் 13. அவற்றில் 7-ஐயும் ஏமாற்றுவது ஒன்றே ஒன்று. அதுதான் இது.

இதைத் தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது, காரணம் காகிதத்திலேயே தெரிகிறது. ஆய்லர் சொன்னது: ஒற்றைப்படைப் பகா எண் ப-வுக்கு, ப-ஆல் வகுபடாத ஒரு எண்ணை (ப − 1)/2 அடுக்குக்கு உயர்த்தி ப-ஆல் வகுத்தால், அது வர்க்க எச்சமாக (ஏதோ ஒரு வர்க்கத்தை ப-ஆல் வகுத்தால் வரும் மீதியாக) இருந்தால் 1 வரும், இல்லாவிட்டால் −1 வரும். நம் பாதி அடுக்கு 75, 375, 14175 ஆகியவற்றின் ஒற்றைப்படை மடங்கு (மேலே சொன்ன மூன்று ஈவுகள்). ஒற்றைப்படை மடங்கு குறியை மாற்றாது. எனவே எந்த அடிமானத்துக்கும், மூன்று காரணிகளிலும் வரும் மீதி அந்த அடிமானம் வர்க்க எச்சமா இல்லையா என்பதையே அப்படியே காட்டும். மூன்றிலும் 1 வந்தால் மொத்த மீதி 1. மூன்றிலும் −1 வந்தால் மொத்த மீதி −1. இரண்டுமே தேர்ச்சிதான். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மட்டுமே எண் மாட்டிக்கொள்ளும்.

இனி அந்த ஒத்துழைப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 151, 751, 28351 மூன்றையும் 120-ஆல் வகுத்தால் ஒரே மீதி: 31. இந்த ஒரு வரி 2, 3, 5 மூன்றின் கதையையும் முடித்துவிடுகிறது. 8-ஆல் வகுத்தால் மூன்றிலும் மீதி 7, எனவே 2 மூன்றிலும் வர்க்க எச்சம். 12-ஆல் வகுத்தால் மூன்றிலும் மீதி 7, எனவே 3 மூன்றிலும் எச்சம் அல்ல. 5-ஆல் வகுத்தால் மூன்றிலும் மீதி 1, எனவே 5 மூன்றிலும் எச்சம். 7 மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: 7-ஆல் வகுத்தால் மீதிகள் 4, 2, 1 என்று வேறுபடுகின்றன. ஆனால் 7-க்கான வர்க்க எச்சங்கள் இந்த 1, 2, 4 மூன்றே. மூன்று காரணிகளும் அதற்குள் வந்து விழுகின்றன. இருபடித் தலைகீழ் விதிப்படி (இரண்டு பகா எண்களில் ஒன்று மற்றதற்கு வர்க்க எச்சமா என்பதை இடம் மாற்றிப் பார்க்க உதவும் விதி), இரண்டு பக்கமும் 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண்கள் என்பதால் குறி திரும்பி, மூன்றிலும் −1. மேலே வந்த 1, −1, 1, −1 என்ற விடை வரிசை இதுதான்.

11-இல் கூட்டு உடைகிறது. 11-ஆல் வகுத்தால் மீதிகள் 8, 3, 4. 11-க்கு வர்க்க எச்சங்கள் 1, 3, 4, 5, 9. 8 அதில் இல்லை. ஆகவே அடிமானம் 11 என்றால் 151-இல் 1, மற்ற இரண்டிலும் −1. மொத்த மீதி 2129160099. இது 1-உம் அல்ல, 3215031750-உம் அல்ல. பகு எண் என்பது உறுதி. அது மட்டுமா, இந்த மீதியோடு 1 கூட்டிப் பாருங்கள்: 2129160100 = 100 × 21291601. இரண்டு காரணிகளின் பெருக்கம் கண்ணெதிரே வந்து நிற்கிறது. 1 கழித்து எண்ணோடு மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் 151. அடிமானம் 13 என்றால் மீதி 2157624503. 1 கழித்து அதே கணக்கைப் போட்டால் 751. கார்மைக்கேல் எண் மில்லர்–ராபினில் மாட்டும்போது தன் காரணியையும் சேர்த்தே கக்கிவிடும். பலர் பகு எண் என்று தெரிந்ததும் நிரலை நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு வரி எழுதினால் காரணி இலவசம்.

பொய்ச்சாட்சிகள் எத்தனை

பொதுக்காரணி இல்லாத அடிமானங்கள் 3189375000. அத்தனைக்கும் சேர்த்துப் பாதி அடுக்கில் வரக்கூடிய மீதிகள் எட்டே எட்டு: 1, −1, மேலே கண்ட 2129160099, 2157624503, அவற்றோடு 2143278899, பிறகு இந்த மூன்றையும் எண்ணிலிருந்து கழித்தால் வருபவை. மூன்று காரணிகளிலும் குறிகள் + அல்லது −, எனவே 2 × 2 × 2. ஒவ்வொரு மீதிக்கும் சமமான எண்ணிக்கையில் அடிமானங்கள் கிடைக்கும். அதில் இரண்டு தேர்ச்சி. ஆகவே பொய்ச்சாட்சிகள் மிகச் சரியாக நாலில் ஒரு பங்கு: 797343750.

மில்லர்–ராபின் சோதனையில் 9-ஐவிடப் பெரிய எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணுக்கும் பொய்ச்சாட்சிகள் இந்த நாலில் ஒன்றைத் தாண்ட முடியாது என்பது நிறுவப்பட்ட தேற்றம். பெரும்பாலான பகு எண்கள் அந்த உச்சத்துக்கு வெகு கீழே இருக்கும். நம் எண் உச்சத்தையே தொட்டு நிற்கிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் மூன்று பகா எண்களின் பெருக்கமாக அமையும் கார்மைக்கேல் எண்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி.

நடைமுறையில் செய்யும் தவறு ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. 2, 3, 5, 7 சோதித்தாயிற்று, இன்னும் உறுதி வேண்டும் என்று 6, 10, 14, 15, 21 என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். பயனே இல்லை. இங்கே பொய்ச்சாட்சிகள் பெருக்கலுக்கு மூடியவை: இரண்டு பொய்ச்சாட்சிகளைப் பெருக்கினால் வருவதும் பொய்ச்சாட்சியே. எனவே 2, 3, 5, 7 மட்டுமே காரணிகளாக உள்ள எல்லா அடிமானமும் தேறிவிடும். நான்கு சோதனை, ஒவ்வொன்றும் நாலில் ஒன்று, ஆகவே தவறும் வாய்ப்பு 256-இல் ஒன்று என்ற கணக்கு, அடிமானங்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் பொருந்தும். முதல் நான்கு பகா எண்களை நிரந்தரமாக வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைச் சொல்வது தப்பு.

உடைக்கும் வழிகள்

சோதனையை ஏமாற்றும் எண்ணை உடைப்பதும் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நேர் எதிர். அது ஏமாற்றுவதற்கு எந்த அமைப்பு காரணமோ அதே அமைப்பு அதை உடைக்கவும் உதவுகிறது.

பொலார்டின் ப − 1 முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு அடிமானத்தை ப − 1-இன் மடங்கான அடுக்குக்கு உயர்த்தி, 1 கழித்து, எண்ணோடு மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் பகா காரணி ப வெளிப்படும். 2¹⁵ − 1 = 32767 = 7 × 31 × 151. எனவே 32767-க்கும் நம் எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால், கால்குலேட்டர்கூட இல்லாமல், 151 கிடைத்துவிடும். ஆனால் இந்த முறையில் பேராசை கூடாது. 1 முதல் 125 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கை அடுக்காக வைத்தால், அதற்குள் 141750 அடங்கிவிடுகிறது. மூன்று காரணிகளும் ஒரே நேரத்தில் விழுந்து, விடையாக எண்ணே திரும்பி வரும்; எதுவும் கிடைக்காது. எல்லையைக் குறைத்து, படிப்படியாக ஏற்றி, இடையிடையே மீப்பெரு பொது வகுத்தி எடுக்க வேண்டும்.

ஃபெர்மாவின் வர்க்க வித்தியாச முறை (எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிக் காரணிப்படுத்துவது) இங்கே நேரடியாகப் போட்டால் இழுத்தடிக்கும். எண்ணின் வர்க்கமூலம் 56701-க்கும் 56702-க்கும் இடையில். 56702-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி 14175-ஆவது படியில்தான் 70876² − 42525² வருகிறது. ஆனால் ம = 28350 என்று வைத்துப் பாருங்கள். 28351 = ம + 1. மற்ற இரண்டின் பெருக்கம் 113401 = 4ம + 1. ஆகவே எண் (ம + 1)(4ம + 1). ஒரு காரணி மற்றதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதால், எண்ணை 16-ஆல் பெருக்கிவிட்டு அதே முறையைப் போட்டால் முதல் படியிலேயே முடிந்துவிடும்: 16 × 3215031751 = 51440508016 = 226805² − 3². ஒரே படி. 226802-ஐ 2-ஆல் வகுத்தால் 113401, 226808-ஐ 8-ஆல் வகுத்தால் 28351.

இந்த வடிவம் இதற்கு மட்டும் உரியது அல்ல. அடிமானம் 2-ஐ ஏமாற்றும் மிகச் சிறிய எண் 2047 = 23 × 89, அதாவது (22 + 1)(4 × 22 + 1). 2, 3 இரண்டையும் ஏமாற்றுவது 1373653 = 829 × 1657, அதாவது (828 + 1)(2 × 828 + 1). 2, 3, 5 மூன்றுக்கும் 25326001 = 2251 × 11251, அதாவது (2250 + 1)(5 × 2250 + 1). காரணம் எளிது: (ம + 1)(கம + 1) என்ற வடிவிலிருந்து 1 கழித்தால் ம × (கம + க + 1). ம எப்போதும் அதை வகுக்கும், ஏமாற்றுவதற்குப் பாதி வேலை அங்கேயே முடிந்தது. போலிப் பகா எண்களைத் தேடுபவர்கள் இந்த வடிவத்தில்தான் முதலில் கை வைப்பார்கள்.

நிரலில் வைக்கும்போது

இந்த எண் 32 பிட்டுக்குள் அடங்கும், ஆனால் குறியுள்ள 32 பிட் மாறியில் அடங்காது. அதன் உச்சம் 2147483647. அப்படி வைத்தால் பெரும்பாலும் −1079935545 என்று மாறிவிடும். அதற்குப் பிறகு சோதனை என்ன சொன்னாலும் அது வேறு எண்ணைப் பற்றியது.

அடுத்த பள்ளம் பெருக்கல். மீதிகள் இரண்டைப் பெருக்கினால் சுமார் 1.03 × 10¹⁹ வரை போகும். குறியுள்ள 64 பிட்டின் எல்லை சுமார் 9.22 × 10¹⁸. சிறிய எண்களுக்கெல்லாம் சரியாக ஓடிய நிரல் இங்கே சத்தமில்லாமல் தவறான மீதி தரும்; தவறான மீதி வந்தால் அடிமானம் 2-லேயே பகு எண் என்று சரியான விடை வரக்கூடும், பிழை இருப்பதே தெரியாது. குறியற்ற 64 பிட் போதும், அதன் எல்லை சுமார் 1.84 × 10¹⁹. எல்லா எண்ணையும் மிதவைப் புள்ளியாக வைக்கும் மொழிகளில் 9007199254740992-க்கு மேல் முழு எண் துல்லியம் கிடையாது, அங்கே பெரிய முழு எண் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

32 பிட் எண்கள் எல்லாவற்றுக்கும் 2, 3, 5, 7 போதும், இந்த ஒன்றைத் தவிர. தனி வரி எழுதப் பிடிக்காதவர்களுக்கு 2, 7, 61 என்ற மூன்று அடிமானம் போதும். 1993-இல் யேஷ்கே காட்டியபடி 4759123141 வரை இவை தவறு செய்யாது, 32 பிட்டின் எல்லை அதற்குள் இருக்கிறது. (அந்த எல்லை எண்ணும் 48781 × 97561, அதே ம + 1, 2ம + 1 வடிவம்.) நம் எண்ணை இங்கே பிடிப்பது 61. ஆனால் சோதிக்கும் எண்ணே 2, 7 அல்லது 61 ஆக இருந்தால் அடிமானத்தின் மீதி 0 ஆகி, பகா எண்ணைப் பகு எண் என்று சொல்லிவிடும். அதை முன்கூட்டியே விலக்க வேண்டும். 64 பிட்டுக்கு 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்கள் அடிமானமாகப் போதும்.

என்னைக் கேட்டால் தனி வரியும் வேண்டாம், சிறப்பு அடிமானமும் வேண்டாம். மில்லர்–ராபினுக்கு முன்னால் 200 வரை பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிடுங்கள். 46 வகுத்தல்தான். இந்த எண் அதில் 36-ஆவதிலேயே விழுந்துவிடும், பெரும்பாலான பகு எண்கள் அதற்கும் முன்பே விழும். ஆனால் மில்லர்–ராபின் பகுதியைத் தனியாகச் சரிபார்க்கும்போது அந்த வகுத்தலை அணைத்துவிட்டு இந்த எண்ணைக் கொடுங்கள். அடுக்கு 1607515875-இல் வர வேண்டிய மீதிகள்: 2-க்கு 1, 3-க்கு 3215031750, 5-க்கு 1, 7-க்கு 3215031750, 11-க்கு 2129160099, 13-க்கு 2157624503, 17-க்கு மீண்டும் 2129160099. முதல் நான்கிலேயே பகு எண் என்று வந்தால் உங்கள் பெருக்கலில் எங்கோ மதிப்பு மாறியின் எல்லையைத் தாண்டி வழிந்திருக்கிறது.